மூச்சு வாங்கும்போது பயமும் சேர்ந்துகொண்டால்: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு முற்றிய சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). குளித்துவிட்டு வந்தாலே மூச்சு இரைக்கிறது, உயிர் போய்விடுமோ என்று பயம். வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள்.

பதில்: இல்லை ஐயா. திணறலும் நிஜம், பயமும் நிஜம். பயத்தில் மூச்சு வேகமாகும். அப்போது உள்ளே போன காற்று முழுதாக வெளியேற நேரம் இருக்காது. பழைய காற்று தங்கி நெஞ்சு உப்பிக்கொள்ளும். புதுக் காற்றுக்கு இடமில்லாமல் திணறல் கூடும், பயமும் கூடும். அதனால் இழுப்பதைவிட வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றித் தோளைத் தளர விடுங்கள். மூக்கால் இழுத்து, விளக்கு அணையாமல் சுடர் மட்டும் ஆடுகிற அளவுக்கு உதட்டைக் குவித்து ஊதுங்கள். இழுத்ததைப் போல இரு மடங்கு நேரம். நன்றாக இருக்கும்போதே தினமும் பழகுங்கள். திணறும் நேரத்தில் புதிதாக எதுவும் கைவராது.

குளியலை நாற்காலியில் உட்கார்ந்தே முடியுங்கள். அப்புறம் துவட்ட வேண்டாம், பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டாலே போதும். கையைத் தூக்கித் துவட்டுவதும் மூச்சு வாங்க வைக்கும்.

கேள்வி: அப்பாவுக்கும் சிஓபிடிதான். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் 92 சதவீதம் காட்டுகிறது, ஆனாலும் மூச்சு முட்டுகிறது என்கிறார். ஆக்சிஜனைக் கூட்டலாமா?

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள். சிஓபிடியில் சிலருக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்றுதான் மருத்துவர்கள் வைப்பார்கள். எண் சரியாக இருந்தும் முட்டலாம், ஏனென்றால் மூச்சுத் தசைகள் படும் பாடு அந்தக் கருவிக்குத் தெரியாது. கையில் பிடிக்கும் சின்ன மின்விசிறியை மூக்கு, கன்னம் பக்கம் காட்டுங்கள். முகத்தில் குளிர்ந்த காற்று படும்போது மூச்சுமுட்டும் உணர்வு பலருக்குக் குறைகிறது. நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: கணவர் திணறும்போது பக்கத்தில் நான் என்ன செய்ய?

பதில்: கேள்வி கேட்காதீர்கள் அம்மா, பதில் சொல்லவும் மூச்சு வேண்டும். அவருக்குச் சமமாக உட்கார்ந்து, உங்கள் மூச்சைக் கேட்கும்படி மெதுவாக விடுங்கள். அவர் தானாகச் சேர்ந்துகொள்வார்.

கேள்வி: பதற்றத்துக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். சில மாத்திரைகள் மூச்சையே மந்தமாக்கும். பதற்றத்துக்கென்று வேறு மருந்தும் மனநல ஆலோசனையும் உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்: உதடு நீலமானால், பேச்சு குழறினால், அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தால், நெஞ்சு வலித்தால், இன்ஹேலர் போட்டும் அடங்காவிட்டால், உடனே. பயமா நோயா என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்க வேண்டாம்.