வெப் டெவலப்பர் கேள்வி-பதில்: டொமைன் யார் பேரில்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பணம் பற்றியவை. மீதி, பேக்கப் எடுக்காமல் கைவைத்ததால் வந்தவை. ஹோஸ்டிங் எது, திரையில் என்ன பிழைச் செய்தி வந்தது என்று எதுவுமே சொல்லாமல் "சைட் ஓடலை, என்ன செய்ய?" என்று ஒற்றை வரி எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

புது ஹோஸ்டிங்குக்குத் தளத்தை மாற்றினேன். நேம்சர்வரை மாற்றியதும் தளம் வந்துவிட்டது. ஆனால் கிளையன்டின் ஆபீஸ் மெயில் ஒன்றும் வருவதில்லை. 24 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். பொறுக்கலாமா? – எஸ்.ஆர்., ஈரோடு

ஒரு வாரம் பொறுத்தாலும் வராது. நேம்சர்வரை மாற்றினால் அந்த டொமைனின் (தளத்தின் இணையப் பெயர்) டிஎன்எஸ் ரெக்கார்டுகள், அதாவது தளம் எங்கே, மெயில் எங்கே என்று காட்டும் குறிப்புகள், மொத்தமும் புது இடத்திலிருந்துதான் படிக்கப்படும். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும், பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் ரெக்கார்டை நீங்கள் புது இடத்தில் எழுதவில்லை. பழைய பேனல் இன்னும் திறக்கிறது என்றால் உடனே போய் எம்எக்ஸ், டிஎக்ஸ்டி, சிநேம் எல்லாவற்றையும் வரி விடாமல் எடுத்துப் போடுங்கள். மெயில் உண்மையில் இவர்களிடமிருந்துதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் விட்டுப்போனால் மெயில் உள்ளே வரும், ஆனால் அவர்கள் அனுப்புவது ஸ்பேமில் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறார். தளம் மட்டும் இடம் மாறுகிறது என்றால் நேம்சர்வரைத் தொடவே வேண்டாம், தளம் இருக்கும் சர்வரைக் காட்டும் ஏ ரெக்கார்டை மாற்றினால் போதும். மாற்றுவதற்கு முந்தைய நாளே டிடிஎல்லை (பழைய ரெக்கார்டை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள். பழைய ரெக்கார்டுகளை ஒரு ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்திருக்கலாம். அதுவும் பேக்கப்தான்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம், 'நல்டு' (உரிமப் பூட்டை உடைத்தது) என்று இலவசமாகக் கிடைக்கிறது. போடலாமா? – பெயர் வேண்டாம், சேலம்

கூடாது. யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமம்தானே என்று வாதம் செய்வீர்கள். பூட்டை உடைத்தவன் உள்ளே என்ன வைத்துவிட்டுப் போனான் என்று உங்களுக்குத் தெரியுமா?

60,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் அனுப்பினேன். 54,000தான் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா? – கே.எம்., கோவை

இல்லை, அது டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி. தொழில்முறைச் சேவை என்று 10% பிடித்திருக்கிறார்கள். ஒரே கிளையன்டிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் அந்த 6,000 ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறாவிட்டால் அப்போது சண்டை போடலாம். ஜிஎஸ்டி இருந்தால் இன்வாய்ஸில் தனியாகக் காட்டுங்கள். அந்தத் தொகைக்கு டிடிஎஸ் கிடையாது. வருட வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவே பொதுவாகத் தேவையில்லை. பதிவு செய்திருந்து வெளிநாட்டுக் கிளையன்டுக்கு வேலை பார்த்தால் எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி) தாக்கல் செய்துவிட்டு வரியில்லாமல் பில் போடலாம். பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எட்டு மாதமாக ஒரு கிளையன்ட் பாக்கி 35,000 ரூபாயைத் தரவில்லை. நல்ல வேளையாக டொமைனை என் பேரில்தான் எடுத்திருந்தேன். தளத்தை நிறுத்திவிட்டால் பணம் வந்துவிடும் என்கிறான் நண்பன். செய்யலாமா சார்? – ஆர்.பி., மதுரை

'நல்ல வேளையாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவருடைய கடைப் பெயரில் இருக்கும் டொமைன் உங்கள் பேரில் எப்படி வந்தது? வீடு கட்டிக் கொடுத்த கொத்தனார் பத்திரத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்வாரா? ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். கேட்டால் "கிளையன்டுக்கு ஒண்ணும் தெரியாது சார், நானே எடுத்துக் கொடுத்துட்டேன்" என்பார்கள். தெரியாது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மெயிலில், அவருடைய கார்டில், அவருடைய போனுக்கு ஓடிபி வரும்படி எடுத்துக் கொடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

உங்கள் பேரில் இருந்தால் புதுப்பிக்கும் பொறுப்பும் உங்களுடையது. நீங்கள் வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள், கார்டு காலாவதியாகும், மெயிலைப் பார்க்க மாட்டீர்கள். டாட் காம் காலாவதியானால், ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) மனசு வைத்தால், 45 நாள் வரை பழைய விலைக்கே புதுப்பிக்கலாம். அதற்குப் பிறகு ஒரு 30 நாள் மீட்புக் காலம். ஆயிரம் ரூபாய்ச் சமாசாரம் அங்கே பல ஆயிரமாகிவிடும். அதையும் விட்டால் எவன் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வான். இதில் இன்னொரு கூத்து: டொமைன் கணக்குக்கு அதே டொமைனின் மெயில் முகவரியைக் கொடுத்து வைப்பது. டொமைன் செத்தால் மெயிலும் செத்துவிடும், எச்சரிக்கை யாருக்குப் போகும்? வேறு மெயில் கொடுங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது!

சரி, உங்கள் விஷயம். தளத்தை நிறுத்தாதீர்கள். அனுமதியில்லாமல் ஒருவருடைய கணினி வசதியை முடக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43வது பிரிவில் வருகிறது. இப்போது அவர் கடன்காரர்; நிறுத்தினால் அவர் புகார்தாரர் ஆகிவிடுவார். டொமைனை அவர் பேருக்கு மாற்றிக் கொடுங்கள். அப்புறம் பாக்கியைத் தனியாகக் கேளுங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? இலவசம்தான், பத்து நிமிட வேலை. அது வேலையைத் தொடங்கும் முன்பே இருந்திருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் மனு போடலாம். இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வாட்ஸ்அப் உரையாடல், இன்வாய்ஸ், மெயில் எதையும் அழிக்காதீர்கள்.

இனிமேல் 40, 40, 20 சதவீதம் என்று பணத்தைப் பிரியுங்கள். கடைசி 20 வரும்வரை தளம் உங்கள் ஸ்டேஜிங் (சோதனை) சர்வரிலேயே இருக்கட்டும். முழுத் தொகை வந்தபிறகே கோடின் உரிமை மாறும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக வேலை பார்ப்பவர் எழுதிய கோடு பொதுவாக அவருடையதுதான், எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை. பிடி அங்கே இருக்கிறது. டொமைனில் தேடாதீர்கள்.

லேப்டாப் 50,000 ரூபாய்க்குள் எது வாங்கலாம்? – வி.ஜே., திருநெல்வேலி

16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருக்கும் எதுவும். கம்பெனிப் பெயர் கேட்காதீர்கள்.

சஞ்சிகை ஒன்றின் பழைய கட்டுரைகளை இணையத்தில் ஏற்றித் தரக் கேட்டார்கள். வேர்டு கோப்பில் தமிழ் வடிவாகத் தெரிகிறது. தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. என்ன பிழை ஐயா? – த.நி., யாழ்ப்பாணம்

என்ன வருகிறது என்று சரியாக எழுதிய ஒரே ஆள் நீங்கள், நன்றி. அது பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. உள்ளே இருப்பது உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. மாற்றியில் போட்டு யுனிகோடாக்குங்கள். ஆனால் மாற்றியை நம்பி அப்படியே ஏற்றாதீர்கள். பழைய எழுத்துருக்களில் ள-வுக்கும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ஒரே வடிவம் என்பதால் 'வெள்ளம்' 'வௌ்ளம்' ஆகும், 'வெளியீடு' 'வௌியீடு' ஆகும். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், தேடினால் அகப்படாது. 'வௌ' வரும் இடங்களை மட்டும் தனியே தேடித் திருத்தினால் பெரும்பகுதி முடிந்துவிடும். அப்போதும் 'வௌவால்' தப்பித்துக்கொள்ளட்டும். டேட்டாபேஸின் எழுத்துக் குறியீட்டு முறை யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். பிஎச்பியில் முன்னோட்டத்துக்கு 'சப்ஸ்டர்' (பைட் கணக்கில் வெட்டும் கட்டளை) போட்டு வெட்டாதீர்கள். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், நடுவில் வெட்டினால் கடைசி எழுத்து உடையும். மூலக் கோப்புகளைத் தொடாமல் தனியாக ஒரு நகல் வையுங்கள்.

கடைக்கு ஒரு வெப்சைட் செய்ய எவ்வளவு கேட்கலாம்? – எம்., திருச்சி

எத்தனை பக்கம், படம் யார் தருவார், ஆன்லைன் விற்பனை உண்டா, பிறகு பராமரிப்பது யார்? இவற்றை எழுதுங்கள், பிறகு பேசலாம்.

பேமெண்ட் கேட்வேயின் சீக்ரெட் கீயைத் தெரியாமல், கோடு சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டேன். பார்த்தவுடன் அந்தக் கோப்பை அழித்து மறுபடி புஷ் செய்துவிட்டேன். இனி பயமில்லையே? – என்.டி., சென்னை

பயம் அப்படியே இருக்கிறது. கிட் பழைய கமிட்டை (முன்பு சேமித்த பதிப்பை) மறப்பதில்லை. ஹிஸ்டரியில் போய் யாரும் எடுக்கலாம். ரெப்போ (கோடு இருக்கும் கிடங்கு) பப்ளிக் என்றால் இதற்கென்றே துழாவும் தானியங்கி நிரல்கள் சில நிமிடங்களில் எடுத்திருக்கும். முதலில் கேட்வேயின் டாஷ்போர்டில் அந்தக் கீயை ரத்து செய்து புதிது எடுங்கள். ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. புதுக் கீயை, ரகசியங்களைத் தனியே வைக்கும் டாட் இஎன்வி கோப்பில் போட்டு, அந்தக் கோப்பை கிட்இக்னோரில் (கிட் ஏற்றக் கூடாதவற்றின் பட்டியல்) சேருங்கள். நடந்ததைக் கிளையன்டிடம் இன்றே மெயிலில் சொல்லிவிடுங்கள், போனில் வேண்டாம். கீ வெளியே இருந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியாத ரீஃபண்ட் ஏதாவது போயிருக்கிறதா என்று அவருடன் சேர்ந்து பாருங்கள்.