கேம் பாய் அன்றைக்கே பழசுதான்

வணக்கம் சார்,

கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் நின்டெண்டோவின் கேம் பாயை ரொம்பவே உயர்த்தி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பழைய நினைவுகள் மேல் இருக்கும் பாசமாகத்தான் படுகிறது. இன்றைக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் போன்கூட அதைவிட எத்தனையோ மடங்கு வேகம். வேகம் கூடக் கூடத்தானே விளையாட்டும் வளர்கிறது? என் போனில் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) ஆடினால் அரை மணி நேரத்தில் திணற ஆரம்பித்துவிடுகிறது. புது சிப் போட்ட கேமிங் போன் ஒன்றை இஎம்ஐயில் எடுக்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எடுக்கவே கூடாது போலிருக்கிறதே?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

பாசம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கேம் பாயை நான் உயர்த்திச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளிவந்த அன்றே அதற்குள் இருந்தது பழைய சரக்குதான். நான்கு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஓடும் எட்டு பிட் செயலி, எழுபதுகளின் சிப்களுடைய வழியில் வந்தது. 160க்கு 144 புள்ளி கொண்ட திரை. பச்சைச் சாயலில் நான்கே நிறம். பின்னால் விளக்கு கிடையாது, ஜன்னலோரமாகத் திருப்பிப் பிடித்துத்தான் ஆட வேண்டும். அதே ஆண்டு அட்டாரியின் லிங்க்ஸ் வண்ணத் திரையோடு வந்தது. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர் வந்தது, அதுவும் வண்ணம்தான். கடையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் கண்ணும் கேம் பாய் மேல் விழாது.

ஆனால் கேம் கியர் ஆறு டபுள் ஏ பேட்டரியைச் சாப்பிட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அணைந்துவிடும். கேம் பாய்க்கு நான்கே போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அமெரிக்காவில் லிங்க்ஸ் சுமார் 180 டாலர், கேம் பாய் 90. ஒவ்வொரு முறையும் பேட்டரிக்கு அப்பாவிடம் காசு கேட்க வேண்டிய பிள்ளைக்கு வண்ணத்தைவிட இந்தக் கணக்குதான் பெரிது. கேம் பாயும் அதற்குப் பின்னால் வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் ஒரு கோடியோடு நின்றது.

இது தற்செயல் இல்லை. குன்பெய் யோகோய் என்ற மனிதர் தெரிந்தே செய்தது. 1965இல் நின்டெண்டோவில் அவர் சேர்ந்தபோது அது ஹனஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டுக்கட்டுகள் தயாரிக்கும் கம்பெனி. அங்கே இயந்திரங்களைப் பராமரிப்பது அவர் வேலை. எல்லோருக்கும் பழகி, விலையும் சரிந்துபோன ஒரு தொழில்நுட்பத்தை எடுத்து, அதை யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. எழுபதுகளில் ஷார்ப்பும் கேசியோவும் கால்குலேட்டரில் போட்டி போட்டு கால்குலேட்டர் திரையின் விலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் யோகோய்க்கு யோசனை வந்தது. 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி பிறந்தது.

வாய்ப்புக் கிடைத்தால் அந்தத் திரையைக் கிட்டப் பாருங்கள். கால்குலேட்டரில் எட்டு என்ற எண்ணுக்கு ஏழு கோடுகள் முன்னமே பதிந்திருக்கும் இல்லையா, அதே மாதிரிதான். அதன் பந்து விளையாட்டில் பந்தைப் பிடிக்கும் ஆள் கையை இடப்பக்கம் நீட்டியபடி ஓர் உருவம், நடுவில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பந்து உண்மையில் நகர்வதே இல்லை. இங்கே ஒரு பந்து மறையும், 'டிக்' என்று ஒரு சத்தம், அடுத்த இடத்துப் பந்து கறுக்கும். ஓர் உருவத்தின் மேல் இன்னொன்று வர முடியாது. வழவழவென்று எதுவும் ஓடவும் முடியாது. அதனால் விளையாட்டு முழுக்க நேரம் பார்த்துக் கை நீட்டுவதாக ஆகிவிட்டது. திரையால் முடியாததை வைத்தே விளையாட்டை உண்டாக்கியிருக்கிறார்கள், இதைத்தான் நான் வியந்து வியந்து பார்க்கிறேன். 1982இல் மடித்து வைக்கும் டாங்கி காங் கருவியில் ஜாய்ஸ்டிக்குக்கு இடமில்லை என்பதால் சிலுவை வடிவப் பொத்தானை யோகோய் கொண்டுவந்தார். இன்றைக்கும் கன்ட்ரோலரில் இடது கட்டைவிரல் பக்கம் அதைப் பார்க்கலாம்.

வேகம் கூடினால்தான் விளையாட்டு வளரும் என்கிறீர்கள். பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் போகிமான் விளையாட்டு வந்தது 1996இல், கேம் பாய்க்கு ஏழு வயதானபோது. சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள். சில பிராணிகள் ஒன்றில் மட்டும்தான் கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமென்றால் நண்பனைத் தேடிப் போய் இரண்டு கருவிகளையும் ஒரு கேபிளால் இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கேபிள் வசதி 1989லிருந்தே அதில் இருந்தது. சிப்பை மாற்றவில்லை, ஒரு நல்ல யோசனை வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

அதற்காகப் பழசெல்லாம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அதே யோகோய் 1995இல் வர்ச்சுவல் பாய் செய்தார். விலை குறைவு என்று சிவப்பு எல்இடி மட்டும் போட்டார். அதைக் கையில் பிடித்து ஆட முடியாது, மேஜையில் நிறுத்தி முகத்தை உள்ளே நுழைத்து ஆட வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எட்டு லட்சம்கூட விற்கவில்லை, ஓராண்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். கேம் பாயில் வண்ணத்தை விட்டுக்கொடுத்து, கூடவே எடுத்துப்போகும் வசதியைக் காப்பாற்றினார். இதில் அந்த வசதியே போய்விட்டது. எதை விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2015இல் அறிவிக்கப்பட்ட என்விடியா சிப்பை வைத்து 2017இல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச், வேகத்தில் சோனியின் பிஎஸ் 4 கருவியைத் தொட முடியாது. ஆனால் டிவியிலிருந்து கழற்றி பஸ்ஸில் ஆடலாம். 15 கோடிக்கு மேல் விற்றுவிட்டது.

வேகத்துக்கும் இடம் உண்டு. ஒரே தீவில் நூறு பேர் மோதும் உங்கள் விளையாட்டை கேம் பாய் கனவிலும் ஓட்டாது.

சரி, உங்கள் போனுக்கு வருவோம். ஆரம்பத்தில் நன்றாக ஓடி அரை மணி கழித்துத் திணறுகிறது என்றால் பெரும்பாலும் அது சூடு. போனில் பொதுவாக விசிறி கிடையாது. சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புது சிப்புக்கும் இதே கதைதான். முதலில் பின்கவரைக் கழற்றிவிட்டு ஆடுங்கள். சார்ஜில் போட்டபடி ஆடாதீர்கள். கிராபிக்ஸை ஒரு படி இறக்கி, ஃப்ரேம் ரேட்டை (ஒரு வினாடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பதை) அப்படியே வையுங்கள். பேட்டரி பழசாகியிருந்தால் மாற்றிப் பாருங்கள், இஎம்ஐயில் அது ஒரு தவணைகூட வராது. அப்புறமும் சரிவரவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் வேகத்தை அளக்கும் முதல் ஐந்து நிமிட பெஞ்ச்மார்க் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம். அரை மணி நேரம் விடாமல் ஆடிய பிறகு எத்தனை ஃப்ரேம் வருகிறது, பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து காட்டும் விமர்சனமாகத் தேடிப் பாருங்கள்.