கல்குடாவிலிருந்து திருகோணமலைக்கு, இரவோடு இரவாக: சோடியாகப் பாய்ப்படகு ஓட்டுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

நானும் இவரும் 26 அடிப் பாய்ப்படகு ஒன்றில் எட்டு வருடமாகக் கிழக்குக் கரையோரம் ஓடுகிறோம். அதிகம் ஓடியது கல்குடாவிலிருந்து திருகோணமலைக்கு. கிட்டத்தட்ட 45 கடல் மைல். பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போதே நங்கூரம் தூக்கினால் விடிந்த பிறகு திருகோணமலை வாசலில் இருக்கிற கொட்டியாரக் குடாவுக்குள் நுழையலாம். பகலில் ஓடிப் பழகி, அடுத்து ஓர் இரவு ஓடிப் பார்ப்போமா என்று யோசிக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, எங்கள் படகில் எல்லாமே அவர்தான். நான் கயிறு பிடிப்பேன், தேத்தண்ணி போடுவேன். முதல் இரவு ஓட்டத்துக்கு இது போதுமா?

போதாது தங்கச்சி. இதை நான் முதலில் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரவில் ஒருவர் படுக்கப் போன நிமிடத்திலிருந்து அது இரண்டு பேர் படகு இல்லை, ஒற்றை ஆள் படகு. உங்கள் முறையில் காற்று ஏறினால் பாயைச் சுருக்குவது நீங்கள், எஞ்சினைப் போடுவது நீங்கள், எதிரே வருகிற வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்று முடிவெடுப்பதும் நீங்கள். அவர் எழும்பி வந்து கண் தெளிந்து நிலைமை விளங்குவதற்கே பத்து பதினைந்து நிமிடம் போகும்.

நாங்கள் பழகிய விதத்தைச் சொல்கிறேன். பாசிக்குடாவுக்கு வெளியே ஐந்து ஞாயிற்றுக்கிழமை, பகலில். இவர் உள்ளே படுத்திருப்பார், நான் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. பாய் ஏற்றுவது, சுருக்குவது, இறக்குவது, எஞ்சின், ரேடியோ, நங்கூரம், தண்ணீரில் எறிந்த வெற்றுக் கானைத் திரும்பிப் போய் எடுப்பது, எல்லாம் நான் தனியாக. மூன்றாவது ஞாயிறு பாய் பாதியில் சிக்கி நான் அழுதே விட்டேன், அவர் வரவில்லை, சிக்கை நானே எடுத்தேன். பிறகு அவர் முறை. பாதை கீறுவதும் காற்றுப் பார்ப்பதும் ரேடியோவில் பேசுவதும் அதுவரை என் வேலை, அதெல்லாம் அவருக்குத் தெரியாது, அதை அவர் பழக வேண்டியிருந்தது. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு பகல் முழுக்க ஓட்டின பிறகுதான் இரவைப் பற்றிக் கதைத்தோம்.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி: எந்த மாதம் நல்லது?

மே கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை. அப்போது கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், நம் பக்கம் கரைக்குக் கிட்டக் கடல் அலை குறைவாக இருக்கும். பகலில் தரை சூடாகிக் கடல்காற்று உள்ளே வரும், இரவு தரை குளிர்ந்ததும் கரைக்காற்று வெளியே போகும், நம் மீனவர் காலங்காலமாகப் பாய் விரித்தது இந்தக் கணக்கில்தான். வடக்கே போகிற படகுக்கு இரவுக்காற்று இடப்பக்கத்திலிருந்து வரும், அதைப் போலச் சுகமான ஓட்டம் வேறில்லை.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். தரையிலிருந்து அடிக்கிற காற்று என்றால், பாய் கிழிந்தோ சுக்கான் உடைந்தோ போனால் உங்களைக் கரையில் ஒதுக்காது, வங்காள விரிகுடாவுக்குள்தான் தள்ளும். அதனால் எஞ்சினும், முழுத் தூரத்துக்கும் போதுமான எண்ணெயும் இல்லாமல் நாங்கள் ஒரு நாளும் வெளிக்கிட்டதில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழையோடு வரும் காற்று திடீரென்று திசை மாறி அடிக்கும், புதியவர்கள் விட்டுவிடுங்கள். வாடைக்காற்று மாதங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையை முதல் நாளும் கேளுங்கள், போகிற அன்று மத்தியானமும் கேளுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து கணவன், மனைவி இருவர்: காவலை எப்படிப் பிரிக்கிறீர்கள்? நித்திரை வருமா?

மூன்று மூன்று மணித்தியாலம். ஆறிலிருந்து ஒன்பது அவர், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நான், பிறகு அவர், மூன்றிலிருந்து விடியும் வரை நான். மூன்று மணிக்குப் பிறகு உடம்பு நித்திரைக்கு இழுக்கும், அந்த நேரம் யாருக்குத் தாங்கும் என்று பார்த்துப் பிரியுங்கள். எனக்குத் தாங்கும், வீட்டிலும் நான்தான் முதலில் எழும்புகிற ஆள். காவல் மாறுவதற்குக் கால்மணி நேரம் முன்பே எழுப்பி, பிளேன்டீயைக் கையில் கொடுத்து, மூன்று விஷயம் சொல்லித்தான் மாறுவோம்: காற்று எப்படி, சுற்றி என்னென்ன வெளிச்சம், அடுத்து என்ன வரப்போகிறது. உள்ளே சிவப்பு வெளிச்சம் மட்டும். வெள்ளை டோர்ச்சை ஒருதரம் கண்ணில் அடித்தால் இருட்டுக்குப் பழகின கண் திரும்பி வர இருபது முப்பது நிமிடம் எடுக்கும்.

முதல் இரவு நித்திரை வராது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்பி உட்காருவீர்கள். வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும், அதுவும் வேலைதான். மேலே இருப்பவர் சந்தேகம் வந்தால் எழுப்புவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் கீழே இருப்பவருக்குக் கண் மூடும். அதனால் எங்கள் படகில் ஒரு சட்டம் உண்டு. எழுப்பலாமா என்று ஒரு தடவை யோசித்தாலே எழுப்ப வேண்டும், எழும்பியவர் "இதுக்கா எழுப்பினாய்" என்று ஒருநாளும் கேட்கக் கூடாது.

நாசிவன்தீவிலிருந்து ஒரு மீனவ அண்ணன்: நீங்கள் பாயை விரித்துக்கொண்டு வந்து எங்கள் வலைக்கு மேலே ஏறுகிறீர்கள். ஒரு வலையின் விலை தெரியுமா?

நியாயம் அண்ணன். நாங்களும் ஒருதரம் ஏறியிருக்கிறோம், மூன்றாம் வருடம், பனிச்சங்கேணிக்கு நேரே, இரவு இரண்டு மணி தாண்டி. அவர் காவலில் இருந்தார், நான் உள்ளே படுத்திருந்தேன். என்னை எழுப்பியது எந்தச் சத்தமும் இல்லை, சத்தம் நின்றதுதான். படகின் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் சட்டென்று இல்லை. மேலே வந்தால் சுக்கானடியில் ஆள் இல்லை. அந்த ஒரு நொடியை என்னால் இன்றும் எழுத முடியவில்லை. பார்த்தால் பின் ஏணியில் ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு சுக்கானில் மாட்டின மிதப்புக் கயிற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருக்கிறார், ஆளைப் படகோடு கட்டி வைக்கிற இடுப்புப் பட்டி கொழுவவில்லை. "நீ பாவம், இப்பதானே படுத்தாய்" என்றார்.

பாயை இறக்கி, கொக்கித் தடியால் கயிற்றைக் கீழே அமுக்கி, வெட்டாமல் எடுத்தோம். அதற்குள் வலைக்காரர் டோர்ச் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கிழிந்த இடத்துக்குக் காசு கொடுத்தோம், அதில் இருந்த ஐயா ஒருவர்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்: வலையின் ஒரு முனையில் போட் கிடக்கும், மறு முனையில் மினுங்குகிற சின்ன லைட் கிடக்கும், இரண்டுக்கும் நடுவில் போகவே கூடாது, போட்டுக்கு மற்றப் பக்கத்தால் சுற்றிப் போ. உங்களை நோக்கி டோர்ச்சை ஆட்டினால் அது வணக்கம் இல்லை, விலகு என்று அர்த்தம். இப்போது வெளிக்கிட முதல் கடற்படைக்கும் கரையோரக் காவல்படைக்கும் அறிவிக்கிறோம், அதோடு வாழைச்சேனைத் துறைமுகத்திலும் போய் இன்றைக்கு எந்தப் பக்கம் வலை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மருதமுனையிலிருந்து ஒரு காக்கா: தங்கச்சி, இரவில் ஒருவர் விழுந்தால் என்ன செய்வது?

விழாமல் இருப்பதுதான் காக்கா. மணிக்கு 4 கடல் மைல் ஓடுகிற படகு ஒரு நிமிடத்தில் 120 மீற்றருக்கு மேல் போய்விடும். நித்திரையில் இருப்பவர் சத்தம் கேட்டு எழும்பி மேலே வர இரண்டு நிமிடம் என்றே வையுங்கள், இருட்டில் ஒரு தலையைத் தேடுகிற தூரம் அது இல்லை. அதனால் பொழுதுபட்டதிலிருந்து இடுப்புப் பட்டி கொழுவியே இருக்க வேண்டும், உள்ளறைப் படியில் நிற்கும்போதே கொழுவிவிட்டுத்தான் மேலே ஏறுவது. அணியத்துக்கு, அதாவது படகின் முன்பக்கத்துக்கு, போவதென்றால் மற்றவர் எழும்பி வந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆண்கள் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிப்பதும் இதில் அடக்கம், வாளியைப் பாவிக்கச் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கியில் விசிலும் சின்ன லைட்டும் கட்டியிருக்க வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி: கப்பல் வந்தால் எப்படித் தெரியும்?

அதன் சிவப்பு லைட் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள், பச்சை என்றால் வலப்பக்கம், இரண்டும் தெரிந்தால் அது நேரே உங்களிடம்தான் வருகிறது. திசைகாட்டியை வைத்து அந்த லைட் எத்தனையாம் பாகையில் என்று பாருங்கள், ஐந்து நிமிடம் கழித்தும் அதே பாகையில் நின்று வெளிச்சம் மட்டும் பெரிதானால் மோதப் போகிறது. பெரிய கப்பலின் மேல் வெளிச்சம் 6 கடல் மைலில் தெரிய வேண்டும் என்பது விதி. அது மணிக்கு 16 கடல் மைல், நீங்கள் 4 என்று எதிரெதிரே வந்தால் 18 நிமிடம்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து நின்று சுற்றிவரப் பார்க்க வேண்டும், பின்பக்கமும் சேர்த்து. ரேடியோவில் விஎச்எஃப் 16ஆம் சனல், ஆபத்துக்கு அழைக்கிற சனல், எப்போதும் திறந்திருக்கட்டும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி: "பொம்பிளைப் பிள்ளை இரவில கடலுக்கா" என்று மாமி ஏசுகிறா. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

என் மாமியும் ஏசினா. நான் அவவைக் கூட்டிக்கொண்டு போய்ப் படகில் இருத்தி, பட்டி எங்கே கொழுவுவது, ரேடியோவில் என்ன சொல்வது என்று காட்டினேன். அவவின் பயம் நான் பெண் என்பதில் இல்லை, மகன் தண்ணீரில் விழுந்தால் எனக்குத் திருப்பத் தெரியாதே என்பதில் இருந்தது. தெரியும் என்று கண்ட பிறகு ஏச்சு நின்றது. இப்போது போய்ச் சேர்ந்ததும் முதல் போன் அவவுக்குத்தான்.

பாலமீன்மடுவிலிருந்து ஓர் அண்ணன்: திரும்பி வரும்போது முகத்துவாரத்தால் மட்டக்களப்பு வாவிக்குள் இரவில் நுழையலாமா?

வேண்டாம் அண்ணன். அந்த மணல் வருடா வருடம் இடம் மாறுகிறது, சில மாதம் வாயே மூடிக் கிடக்கும், அது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். 1913 இல் கட்டின வெளிச்சவீடு கரையைக் காட்டும், மணல் எங்கே கிடக்கிறது என்று காட்டாது. ஒலுவில் துறைமுகமும் மணல் அடைக்கிற வாய்தான். தெரியாத வாய்க்குள் இருட்டில் போகாமல், நேரத்தோடு வந்துவிட்டால் பாயைச் சுருக்கி வெளியிலேயே மெதுவாக ஓடிக்கொண்டு விடியும்வரை நில்லுங்கள். களைப்பில் "இந்தா கரை தெரியுதே" என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆசை வரும், அந்த நேரம் மறுத்துச் சொல்கிற ஆள் யார் என்பதைக் கரையிலேயே பேசி வையுங்கள். எங்கள் படகில் காவலில் இல்லாதவர்தான் மறுப்பவர்.

பொத்துவிலிலிருந்து ஒரு தம்பி: ஜிபிஎஸ் நின்றுவிட்டால்?

ஒருமணி நேரத்துக்கு ஒருதரம் இருக்கிற இடத்தைக் கொப்பியில் பென்சிலால் எழுதி வைத்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். வாகரைக்கு அப்பால் கரையில் வெளிச்சங்களும் குறைந்துவிடும், திசைகாட்டியை நம்பித்தான் ஓட வேண்டும். முகில் இல்லாவிட்டால் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். நம் ஊர் அகலக்கோடு எட்டுப் பாகை என்பதால் அது அவ்வளவு கீழேதான் நிற்கும், கையை நீட்டி விரல்களைப் பொத்தினால் அந்தக் கை உயரத்துக்கும் குறைவு, மூடுபனி இருந்தால் மறைந்துவிடும். கல்குடாவிலிருந்து நம் பாதை நேர் வடக்கு இல்லை, கொஞ்சம் மேற்கே சாய்ந்தது, அதனால் ஓடும்போது அது அணியத்துக்கு வலப்பக்கம் இரண்டு பொத்திய கை தள்ளி நிற்க வேண்டும். நேர் முன்னுக்கு வந்துவிட்டால் நீங்கள் வெளிக்கடலுக்கு விலகிக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் வலப்பக்கம் போய்விட்டால் கரையை நோக்கி. அதைக் கண்டதும் மற்றவரை எழுப்பி இருவருமாகத் திசைகாட்டியைப் பாருங்கள்.