அறிவியல் புனைவுக்கு ஓர் ஆண்டு – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பள்ளி நாட்களில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வழியாக அறிவியல் புனைவுக்குள் வந்தவள் நான். நடுவில் பல வருடங்கள் விட்டுப்போயிற்று. போன ஜனவரியில் மறுபடி தொடங்கலாம் என்று, வாரத்துக்கு ஒன்றாக 52 புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டேன். ‘சிறந்த நூறு’ என்று வரும் பட்டியல்களிலிருந்து எடுத்து, பழையதிலிருந்து புதியது வரை வரிசைப்படுத்தினேன். ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடர் முழுவதும் அதில் ஒரே வரியாக இருந்தது. ஏப்ரல் முடிவில், ஒன்பது புத்தகங்களோடு நின்றுவிட்டேன்.

ஒரு நாளைக்கு எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் படிப்பேன். இந்த ஆண்டை எப்படித் திட்டமிடுவது? பழைய நூல்களிலிருந்துதான் தொடங்க வேண்டுமா? மிகுபுனைவையும் (ஃபேன்டஸி) சேர்க்கலாமா, அல்லது அது சிறுவர்களுக்கானது என்று விட்டுவிடலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான்கு மாதத்தில் ஒன்பது புத்தகங்கள் என்பது நல்ல வாசிப்பு. 52 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்ததால் அது உங்களுக்குத் தோல்வியாகத் தெரிந்திருக்கிறது.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு நாவலுக்கு 300 பக்கம் என்று வைத்தால், அந்த நான்கு மாதத்தில் 2,700 பக்கம் படித்திருக்கிறீர்கள். நாளுக்கு இருபது பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். காய்ச்சல், பயணம், மனம் ஒட்டாத நாட்கள் எல்லாம் போக வருடத்தில் 300 நாள் கிடைத்தால் 6,000 பக்கம், அதாவது இருபது புத்தகங்கள். அதில் ஐந்து இடங்களைக் காலியாக விடுங்கள். பதினைந்துக்கு மட்டும் பெயர் எழுதினால் போதும். ‘தி வீல் ஆஃப் டைம்’ 14 பாகங்கள், பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல். அதை எழுதிய ராபர்ட் ஜோர்டான் 2007இல் இறந்துவிட, பிராண்டன் சாண்டர்சன் தொடர்ந்து எழுதி 2013இல்தான் தொடர் முடிந்தது. உங்கள் வேகத்தில் அது மட்டுமே ஒன்றரை வருடத்துக்கு மேல் எடுக்கும். இந்த ஆண்டு அது வேண்டாம்.

ஆனால் நீங்கள் நின்றுபோனதற்கு எண்ணிக்கை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் நானும் இதே போல ஒரு பட்டியலோடு உட்கார்ந்தேன். அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது 1953இல் தொடங்கியது. விருது பெற்ற நாவல்களை ஆண்டு வரிசையில் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நல்ல நாவல்கள்தான். இருந்தும் ஒன்றை முடித்து அடுத்ததை எடுக்கும்போது, ஏன் இதை இப்போது படிக்கிறேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வருடம் அது விருது வாங்கியது, அவ்வளவுதான். சில மாதங்களில் விட்டுவிட்டேன். ‘சிறந்த நூறு’ பட்டியல்களிலும் இதுதான் சிக்கல். ஒரு புத்தகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எந்தப் பேச்சும் இருக்காது.

அறிவியல் புனைவும் மிகுபுனைவும் தங்களுக்குள் விடாமல் பேசிக்கொண்டே இருப்பவை. ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதினின் ‘வி’ என்ற நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தான். கண்ணாடிச் சுவர் வீடுகளில் வாழ்கிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் அதைப் படித்து 1946இல் மதிப்புரை எழுதினார், 1949இல் அவருடைய ‘1984’ வந்தது. ராபர்ட் ஹெய்ன்லைன் 1959இல் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில் படைவீரனின் கடமையைப் பெருமையோடு எழுதினார். வியட்நாம் போரில் இருந்து திரும்பிய ஜோ ஹால்டமன் 1974இல் ‘தி ஃபாரெவர் வார்’ எழுதினார். ஒளிவேகத்தை நெருங்கிப் பயணம் செய்யும் அவருடைய வீரனுக்குச் சில வருடங்கள்தான் போகின்றன, பூமியில் நூற்றாண்டுகள் ஓடிவிடுகின்றன. திரும்பி வர அவனுக்கு ஊர் என்று ஒன்று மிச்சமில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு இரண்டு மனிதர்களின் வாக்குவாதம் காதில் விழும்.

ஆகவே பட்டியலை ஆண்டு வரிசையில் போடாதீர்கள், கேள்வி வரிசையில் போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு பெரிய கேள்விகள் போதும்.

முதல் கேள்விக்கு நான் சொல்வது, வேற்றுலகத்தவரோடு சந்திப்பு. ஹெச். ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ (1898), ஆர்தர் சி. கிளார்க்கின் ‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ (1953), போலந்தின் ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய ‘சோலாரிஸ்’ (1961), ரஷ்யாவின் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் ‘ரோட்சைட் பிக்னிக்’ (1972), டெட் சியாங்கின் நீண்ட கதை ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’ (1998), கடைசியாக லியு சிஷின் எழுதிய ‘தி த்ரீ பாடி ப்ராப்ளம்’ (2008). கடைசி நாவலைத் தவிர எல்லாம் சிறியவை. மூன்று மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

ஒவ்வொன்றையும் முடித்தபிறகு ஒரே கேள்வியைக் கேட்டு, பதிலை ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: வந்தவர்களுக்கு நம்மிடம் என்ன வேண்டும்? வெல்ஸின் செவ்வாய்வாசிகளுக்கு நம் நிலமும் நம் ரத்தமும் வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே அவர் டாஸ்மேனியப் பழங்குடிகளை நினைவுபடுத்துகிறார். செவ்வாய்வாசிகளைக் கொடியவர்கள் என்பதற்கு முன், ஐரோப்பியர்கள் அந்த மக்களுக்குச் செய்த அழிவை எண்ணிப்பாருங்கள் என்கிறார். பிரிட்டிஷ் பேரரசின் நடுவே உட்கார்ந்து, அந்தப் பேரரசையே பலியாக வைத்து எழுதிய கதை அது. கிளார்க்கின் கதையில் வருகிறவர்கள் போரை நிறுத்துகிறார்கள், வறுமையை ஒழிக்கிறார்கள், ஆனால் ஐம்பது வருடம் தங்கள் உருவத்தைக் காட்டுவதில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதுதான் நாவல், அதை நான் சொல்லக் கூடாது.

அப்புறம் சோலாரிஸ். ஒரு கோள் முழுக்கப் பரந்திருக்கும் கடல், அது உயிருள்ள ஒற்றைப் பேருயிர் என்று தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் ஆராய்ந்து நூலகம் நூலகமாக எழுதியும், அதற்கு ஏதாவது வேண்டுமா என்பதுகூடத் தெரியவில்லை. நடுவே அந்த ஆராய்ச்சி வரலாற்றை விவரிக்கும் பக்கங்கள் பலருக்குச் சலிப்பாக இருக்கும். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். புரியாத ஒன்றைச் சுற்றி மனித அறிவு எத்தனை கோட்டைகளைக் கட்டுகிறது என்பது அங்கேதான் இருக்கிறது. இந்த வகை எழுத்தில் நான் மிக அதிகமாக நேசிக்கும் பக்கங்கள் அவை. ‘ரோட்சைட் பிக்னிக்’ இன்னும் ஒரு படி போகிறது. வந்தவர்கள் நம்மைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வழியோரம் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுக் குப்பையைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் போல எதையெதையோ விட்டுச் சென்றிருக்கிறார்கள். மனிதர்கள் அந்தக் குப்பைக்காக உயிரை விடுகிறார்கள். 1898இன் செவ்வாய்வாசிகளுக்கு நாம் இரையாகவாவது தேவைப்பட்டோம். 1972இல் அதுவும் இல்லை. வெல்ஸைப் படித்த கையோடு இதைப் படித்தால்தான் அந்த அடி சரியாக விழும்.

‘சோலாரிஸ்’ வாங்கும்போது மொழிபெயர்ப்பைப் பார்த்து வாங்குங்கள். 1970இல் வந்த பழைய ஆங்கில நூல் பிரெஞ்சு வழியாக வந்தது. போலிஷிலிருந்து நேராக பில் ஜான்ஸ்டன் மொழிபெயர்த்தது 2011இல் வந்தது, அது மின்னூலாகக் கிடைக்கிறது. ‘ரோட்சைட் பிக்னிக்’குக்கு 2012இல் வந்த புதிய மொழிபெயர்ப்பு நல்லது.

பழையதிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டியதில்லை. சில சமயம் பின்னாலிருந்து வருவதே நல்லது. காலப்பயணத்தைப் பற்றி இரண்டு நூல்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரட்’ (1979) படியுங்கள். 1976இல் வாழும் ஒரு கறுப்பினப் பெண், எந்த இயந்திரமும் விளக்கமும் இல்லாமல், அடிமை முறை நிலவும் பழைய மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள். அப்புறம் வெல்ஸின் ‘தி டைம் மெஷின்’ (1895). அதன் நாயகன் தன் விருப்பப்படி இயந்திரத்தில் ஏறி 8,02,701ஆம் ஆண்டுக்குப் போகிறான். காலத்துக்குள் யாரால் விரும்பிப் போக முடிகிறது, யார் இழுக்கப்படுகிறார்கள் என்ற வித்தியாசம், இந்த வரிசையில் படிக்கும்போது தானாகத் தெரியும்.

ஆங்கிலத்தில் மெதுவாகப் படிப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். இந்த வகை நாவல்களின் முதல் ஐம்பது பக்கங்களில் எல்லா வாசகருமே மெதுவாகத்தான் போகிறார்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘ட்யூன்’ (1965) முன்பின் கேள்விப்படாத சொற்களோடு தொடங்குகிறது, கடைசியில் ஒரு சொல்லகராதியே இருக்கிறது. அதை அடிக்கடி புரட்டாதீர்கள். புது ஊருக்குப் போன ஆள் பேச்சைக் கேட்டுக் கேட்டே பழகுவது போல, புரியாத சொல்லைச் சுமந்துகொண்டு நடங்கள். எண்பது பக்கம் வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் அந்த உலகம் உங்களை உள்ளே விடவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிட்டு, காலியாக விட்ட இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

இனி மிகுபுனைவு. அது சிறுவர்களுக்கானது என்ற எண்ணத்தைக் கலைக்க, சிறுவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஒன்றைத்தான் நான் தருவேன். உர்சுலா லெ குவினிடம் ஒரு பதிப்பாளர் இளம் வாசகர்களுக்கு ஒரு நாவல் கேட்டார். அப்படி 1968இல் வந்ததுதான் ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’. அந்த உலகில் ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. செம்பழுப்பு நிறத் தோல் கொண்ட கெட் என்ற இளைஞன், செருக்கில் ஒரு நிழலை இவ்வுலகுக்கு அழைத்துவிட்டு, அதனிடமிருந்து கடல் கடலாக ஓடுகிறான். ஒரு நாள் ஓடுவதை நிறுத்தித் திரும்பி, அதைத் துரத்தத் தொடங்குகிறான். இருநூறு பக்கத்துக்குள் இதைச் சொல்லி முடிக்கிறார்.

இரண்டாவது நூல் ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971), மூன்றாவது ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’ (1972). பதினெட்டு வருடம் கழித்து, 1990இல், லெ குவின் அதே உலகுக்குத் திரும்பி ‘டெஹானு’ எழுதினார். முதல் நூலில் பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று ஒரு பழமொழி போகிற போக்கில் வரும். ‘டெஹானு’வில் நடுவயதுப் பெண் ஒருத்தி தீயில் கருகிய ஒரு குழந்தையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறாள். மந்திரப் பள்ளியும் டிராகன்களும் தொலைவில் இருக்க, பாத்திரம் கழுவுவதும் ஆடு மேய்ப்பதும் முன்னால் வருகின்றன. தான் படைத்த உலகத்தில் யாரைப் பார்க்காமல் விட்டேன் என்று அவர் தன்னிடமே கேட்டு எழுதியிருக்கிறார். பல வாசகர்களுக்கு அந்த நூல் பிடிக்கவில்லை. எனக்கு நான்கிலும் அதுதான் பெரியது. ஆனால் முதல் மூன்றைப் படிக்காமல் அதைத் தொடாதீர்கள். உங்கள் இரண்டாவது கேள்வி இந்த நான்கு நூல்கள்தான்: அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

டோல்கீன் இந்த ஆண்டு வேண்டாம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஆயிரம் பக்கத்துக்கு மேல், அது தனியாக இரண்டு மாதம் கேட்கும்.

நாவல்களுக்கு நடுவே ஒருநாள் எடுத்து, வங்க எழுத்தாளர் ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாஸ் ட்ரீம்’ சிறுகதையைப் படியுங்கள். 1905இல் மதராஸிலிருந்து வந்த ‘இண்டியன் லேடீஸ் மேகஸின்’ இதழில் வெளியானது. பெண்கள் ஆள்கிறார்கள், சூரிய வெப்பத்தைப் பிடித்துப் பயன்படுத்துகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஒரே அமர்வில் முடிந்துவிடும். ‘டெஹானு’வுக்கு முந்தின வாரம் படித்தால் ரொம்பப் பொருத்தம்.

ஆக, பெயரிட்ட நூல்கள் பன்னிரண்டும் ‘ட்யூன்’ ஒன்றும் ஆயிற்று, அந்தச் சிறுகதையைச் சேர்க்காமல். மீதி இரண்டை என்னைக் கேட்காமல் நீங்களே எழுதுங்கள். ஒன்று கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்ததாக இருக்கட்டும். என். கே. ஜெமிசினின் ‘தி ஃபிஃப்த் சீஸன்’ (2015) என்றால் எனக்குச் சந்தோஷம்.

‘சோலாரிஸ்’ முடித்த அன்றே எனக்கு எழுதுங்கள். அந்தக் கடலுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் நோட்டில் எழுதிய இரண்டு வரியைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.