போஸ்ட்மேன்ல வருது, பிரவுசர்ல மட்டும் வரலையா? ஃபெட்ச்ச நோண்டாதீங்க

காட்பாடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, வேலூர் காந்தி ரோட்ல எங்க மாமா லாட்ஜ் வெச்சிருக்காரு, ரூம் புக் பண்ண ஒரு வெப் பேஜ் செஞ்சு தர்றேன்னு வாய விட்டுட்டேன். எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ரெண்டையும் விஎஸ் கோட்ல லைவ் சர்வர் வெச்சு ஓட்றேன், பேக்எண்ட் (சர்வர் பக்கத்து கோட்) பைத்தான் பிளாஸ்க். போஸ்ட்மேன்ல (சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பி டெஸ்ட் பண்ற ஆப்) அடிச்சா ரூம் லிஸ்ட் அழகா வருது, பிரவுசர்ல மட்டும் கோர்ஸ் (CORS) எரர்னு சிவப்பா வருது. நெட்ல பாத்து, சர்வர்ல இருந்து டேட்டா வாங்கற ஃபெட்ச்ல (fetch) நோ கோர்ஸ்னு போட்டேன், எரர் போச்சு, டேட்டாவும் வரல. இன்னா பண்றது?"

தம்பி, மொதல்ல அந்த நோ கோர்ஸ எடுத்துடுங்க. அது பர்மிஷன் வாங்கித் தர்ற ஆப்ஷன் இல்ல, "பதில் எனக்குக் காட்டவே வேணாம், சும்மா அனுப்பிட்டா போதும்"னு பிரவுசர்கிட்ட நீங்களே எழுதிக் குடுக்கறது. அதான் சிவப்பு எழுத்து போச்சு, கைக்கு வந்தது காலி. இதுல இன்னொரு கூத்து, அந்த மோட்ல, அனுப்பற டேட்டா ஜேசன் (JSON) வடிவத்துல இருக்குன்னு சொல்ற கன்டென்ட் டைப் ஹெட்டர் போட்டீங்கன்னா பிரவுசர் சத்தம் போடாம அத தூக்கிப் போட்டுட்டு வெறும் டெக்ஸ்ட்னு அனுப்பும், புது பிளாஸ்க் அத பாத்துட்டு 415னு, அதாவது இந்த டைப் எனக்கு வேணாம்னு, திருப்பி அடிக்கும், நீங்க பிளாஸ்க்ல தப்பு தேடினு இருப்பீங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். உங்க பேஜ் லைவ் சர்வர்ல இருந்து வர்றது 5500 போர்ட்ல, பிளாஸ்க் ஓட்றது 5000 போர்ட்ல. ஒரே லேப்டாப் தானேன்னு நாம நினைக்கறோம், பிரவுசருக்கு அது ரெண்டு வேற வேற ஆரிஜின். எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா, ஹோஸ்ட் பேர் இன்னா, போர்ட் எது, இந்த மூணும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா தான் ஒரே ஆரிஜின். லோக்கல்ஹோஸ்ட்னு அடிச்சா ஒண்ணு, 127.0.0.1னு அடிச்சா வேற ஒண்ணு, ரெண்டும் உங்க லேப்டாப்பே தான்னாலும், இத தெரியாம ராத்திரி பூரா உக்காந்தவங்க எத்தினியோ பேர். ஒரு சைட்டோட ஸ்கிரிப்ட் இன்னொரு சைட்டோட விஷயத்த படிக்கக் கூடாதுங்கற இந்த ரூல் 1995ல நெட்ஸ்கேப் பிரவுசர் காலத்துலயே வந்தது. இல்லன்னா நீங்க ஒரு டேப்ல பேங்க் லாகின் பண்ணி வெச்சிருப்பீங்க, பக்கத்து டேப்ல இருக்கற கண்ட கண்ட சைட் உங்க பேலன்ஸ படிச்சிட்டுப் போயிடும். அப்புறம் வந்தது தான் கோர்ஸ், 2014ல வெப்புக்கு விதி போடற டபிள்யூ3சி அமைப்பு அத ஸ்டாண்டர்டா அறிவிச்சாங்க. இந்த ஆரிஜின்ல இருந்து வந்தா பரவால்ல, படிச்சிக்கட்டும்னு சர்வர் தன் பதில்ல ஒரு ஹெட்டர் வெச்சு சொல்லணும். சொல்ற இடம் சர்வர், அமல்படுத்தறது பிரவுசர். போஸ்ட்மேன் பிரவுசர் பேஜ் இல்லையே, அதுக்கு இந்த ரூலே கிடையாது, அதனால அதுல வருது.

இத கண்ணால பாக்கணும்னா பிளாஸ்க் ஓட்ற டெர்மினல பாருங்க. ரூம் லிஸ்ட் கேக்கறப்ப கெட் ரிக்வெஸ்ட் 200னு (எல்லாம் சரின்னு) லைன் விழுந்திருக்கும், அதாவது சர்வர் லிஸ்ட குடுத்தாச்சு, வந்து சேந்தத பிரவுசர் உங்க ஸ்கிரிப்ட் கண்ணுல காட்டாம வெச்சுக்கிச்சு. புக்கிங் பட்டன அமுக்கினா கதை வேற, ஜேசனா அனுப்பறதால பிரவுசர் முன்கூட்டியே ஆப்ஷன்ஸ்னு ஒரு ரிக்வெஸ்ட் விட்டு "அனுப்பலாமா"ன்னு கேக்கும், டெர்மினல்ல ஆப்ஷன்ஸ் 200னு இருக்கும், அதுக்குக் கீழ போஸ்ட் லைனே இருக்காது. 200 வந்துச்சே அப்புறம் இன்னான்னு குழம்பாதீங்க, பிளாஸ்க் ஆப்ஷன்ஸுக்கு தானா பதில் சொல்லிடும், ஆனா அந்த அனுமதி ஹெட்டர் அதுல இல்ல.

சாதா ஃபார்ம் மாதிரி அனுப்பினீங்கன்னா இந்த முன்கேள்வி கிடையாது, நேரா போயிடும், சர்வர் ரூம புக்கும் பண்ணிடும், ஆனா ஸ்கிரீன்ல எரர் காட்டும். கஸ்டமர் திரும்பத் திரும்ப அமுக்குவாரு, ஒரே ஆளுக்கு அத்தனை ரூம் விழும். கோர்ஸ் உங்க சர்வருக்குப் பாதுகாப்புன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

தீர்வு? உங்க கேஸ்ல கோர்ஸே தேவையில்ல, இது என் அபிப்பிராயம். ஒரு லாட்ஜுக்கு ஒரு பேஜ், அதுக்கு எதுக்கு ரெண்டு சர்வர்? எச்டிஎம்எல்ல டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர்லயும் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ்ஸ ஸ்டாட்டிக் ஃபோல்டர்லயும் போட்டு பிளாஸ்க்கே பேஜையும் குடுக்கட்டும், பிரவுசர்ல 5000 போர்ட்டயே திறங்க, லைவ் சர்வர மூடிடுங்க. ஃபெட்ச்ல முழு அட்ரஸ் எழுதாம சாய்வுக்கோடு போட்டு வெறும் பாத் (அட்ரஸ்ல போர்ட்டுக்கு அப்புறம் வர்ற பகுதி) மட்டும் எழுதுங்க. இதுல இன்னொரு லாபம், லோக்கல்ஹோஸ்ட்னு ஸ்கிரிப்ட்ல எழுதி வெச்சு அப்படியே நெட்ல ஏத்தினீங்கன்னா, ரயில்ல வந்துகினே போன்ல ரூம் பாக்கறவருக்கு லோக்கல்ஹோஸ்ட்னா அவர் போன் தான், அங்க ஏது உங்க பிளாஸ்க். பாத் மட்டும் இருந்தா பேஜ் எங்க இருந்து வந்துதோ அங்கயே போய் கேக்கும்.

இல்ல, ரியாக்ட் அது இதுன்னு பேஜ தனியா தான் வெக்கணும்னா பிளாஸ்க் கோர்ஸ் பேக்கேஜ் போட்டு உங்க ஆரிஜின் மட்டும் குடுங்க, கடைசியில சாய்வுக்கோடு வெக்காதீங்க, வெச்சா மேட்ச் ஆகாது. ஆரிஜினுக்குப் பதிலா நட்சத்திரம் (*) போட்டு எல்லாரையும் விடலாம், ஆனா லாகின் குக்கீயோட அனுப்பறப்ப பிரவுசர் நட்சத்திரத்த ஏத்துக்காது. பேஜ் எச்டிடிபிஎஸ்ல இருந்து பேக்எண்ட் வெறும் எச்டிடிபியா இருந்தாலும் தடுத்துடும், அது கோர்ஸ் இல்ல, வேற பஞ்சாயத்து.

கனெக்ட் ஆனப்புறம் வர்ற தலைவலிய இப்பவே சொல்லிடறேன். சர்வர் 404, 500னு சொன்னாலும் ஃபெட்ச் அத எரரா எடுத்துக்காது, கேட்ச் பக்கமே போகாது, ரெஸ்பான்ஸோட ஓகேங்கற மதிப்ப (response.ok) நீங்க தான் செக் பண்ணணும். குரோம்ல "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <"னு வந்தா பயப்படாதீங்க, ஜேசன் வர வேண்டிய இடத்துல எச்டிஎம்எல் எரர் பேஜ் வந்திருக்கு, அதோட மொத எழுத்து தான் அந்தக் குறி, எஃப்12 அமுக்கினா வர்ற நெட்வொர்க் டேப்ல ரெஸ்பான்ஸ திறந்தா முழுசா தெரியும். பட்டன அமுக்கினா பேஜ் ரீலோட் ஆயிடுதுன்னா ஃபார்ம் சப்மிட்ல, ரீலோட தடுக்கற பிரிவென்ட் டீஃபால்ட்ட எழுத மறந்திருப்பீங்க. அதுவும் இருந்து ரீலோட் ஆவுதுன்னா, டேட்டாபேஸ் ஃபைல் லைவ் சர்வர் பாத்துகினு இருக்கற ஃபோல்டர்லயே இருக்கும், புக்கிங் எழுதின உடனே ஃபைல் மாறிடுச்சுன்னு அது பேஜ ரீலோட் பண்ணும்.

வாடகைய மட்டும் பிரவுசர்ல இருந்து வாங்காதீங்க. 900 ரூபாய 9 ரூபான்னு மாத்தி அனுப்ப எஃப்12 தெரிஞ்ச பையன் போதும். ரூம் நம்பரும் தேதியும் வரட்டும், ரேட்ட சர்வர் டேட்டாபேஸ்ல எடுத்துக்கட்டும். ஒவ்வொரு நைட்டுக்கும் ஒரு வரின்னு (row) டேபிள வெச்சு, ரூம் நம்பர் தேதி ரெண்டும் சேந்து யூனிக்னு கட்டுப்பாடு போட்டுடுங்க, ரெண்டு பேர் ஒரே செகண்ட்ல அமுக்கினாலும் ஒருத்தருக்குத் தான் விழும்.

கடைசியா ரூம் லிஸ்ட் குடுக்கற அந்த ஃபங்ஷன ஒரு தடவ திறந்து பாருங்க. டேபிள்ல இருக்கறத அப்படியே ஜேசனாக்கி அனுப்பறீங்களா? அப்படின்னா தங்கியிருக்கறவங்க பேர், போன் நம்பர், ஆதார் நம்பர் எல்லாமே பிரவுசருக்குப் போயினு இருக்கு, ஸ்கிரீன்ல காட்டலன்னாலும் நெட்வொர்க் டேப்ல பச்சையா கெடக்கும். காந்தி ரோட் லாட்ஜுங்கள்ல தங்கறவங்க நெறைய பேர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு கொல்கத்தா, அசாம்னு தூரத்துல இருந்து வந்தவங்க, அவங்க நம்பர் புரோக்கர் கையில கெடச்சா இன்னா ஆகும்னு உங்க மாமாவுக்குத் தெரியும். ரூம் நம்பர், ஏசியா இல்லையா, ரேட், காலியா இல்லையா, இத மட்டும் செலக்ட் பண்ணி அனுப்புங்க. மாமா ரிசப்ஷன்ல பாக்கற முழு லிஸ்ட்டுக்கு தனி பாத் வெச்சு அதுக்கு லாகின் போடுங்க.