350,000 வெள்ளிக் கடனுக்கு முன், தம்பி என்ன வேலை செய்கிறான் என்று பாருங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம், மகனை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க என்னைப் பார்க்க வந்தது. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. மகனுக்குக் கணிதத்தில் ஏ, இயற்பியலில் பி, உயிரியலில் சி. பெரியப்பா மகள் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கிறாள், அதனால் இவனும் டாக்டராக வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். ஏஜெண்ட் எழுதிக் கொடுத்த தாளை அப்பா நீட்டினார். மொத்தம் 350,000 வெள்ளி. இ.பி.எஃப். ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, வீட்டை அடமானம் வைத்து மீதியைப் புரட்டலாம் என்பது அவர் கணக்கு. இவர்களைப் போல இன்னும் பலர் இருப்பீர்கள் என்பதால், அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

கவலைப்படாதீர்கள் அம்மா என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் கவலைப்படத்தான் வேண்டும். ஃபவுண்டேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பு வழியாக மருத்துவத்துக்குப் போக, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் உட்பட ஐந்து பாடங்களில் குறைந்தது பி வேண்டும் என்று மலேசிய மருத்துவ மன்றம் கேட்கிறது. தம்பிக்கோ உயிரியலில் சி. எங்கே போய்ப் படித்தாலும், திரும்பி வந்து பதிந்துகொள்ள அதே மன்றத்தின் முன்னால்தான் நிற்க வேண்டும். ஏஜெண்ட் இதைச் சொல்லவில்லை. 2016 டிசம்பரிலிருந்து ஹவுஸ்மேன்களை, அதாவது படித்து முடித்த பயிற்சி டாக்டர்களை, அரசாங்கம் ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறது என்பதையும் சொல்லவில்லை. 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து போராடியது பெரியப்பாவுக்கு மறந்திருக்கலாம், நீங்கள் மறக்கக் கூடாது. ஐம்பதைத் தாண்டிய அப்பா, குடியிருக்கும் வீட்டை வைத்து இந்தக் கடனை வாங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. தேர்வு முடிந்ததிலிருந்து பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு சின்ன நிறுவனத்தில் தற்காலிக வேலை செய்கிறானாம். கடைகளுக்கும் சிறு தொழிற்சாலைகளுக்கும் நெட்வொர்க் பார்த்துக்கொடுக்கும் நிறுவனம். "அங்கே என்ன தம்பி செய்கிறாய்?" என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வாடிக்கையாளர்களின் ரவுட்டர், சுவிட்ச், சர்வர் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று நேரத்துக்கு நேரம் சோதிக்கும் நாகியோஸ் மென்பொருள் அங்கே சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டதால், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாற்றினார்கள். பழைய அமைப்புக் கோப்புகளை அப்படியே நகல் எடுத்துப் போட்டார்கள். மறுநாள் காலையில் திரை முழுக்கச் சிவப்பு. சுவிட்ச் போய்விட்டது என்று ஒருவர், கேபிள் என்று இன்னொருவர். இவன் மட்டும், கடைகளில் கார்டு மெஷின் ஒழுங்காக ஓடுகிறதே, பிறகு நெட்வொர்க் எப்படிச் செத்திருக்கும் என்று கேட்டிருக்கிறான். ஒவ்வொரு சிவப்புக் கட்டத்திலும் 'ரிட்டர்ன் கோட் 127' என்று இருந்ததைப் படித்தான். லினக்ஸில் 127 என்றால், ஓட்டச் சொன்ன கட்டளையே அங்கே இல்லை என்று அர்த்தம். சோதனை செய்யும் சிறு நிரல்களான பிளகின்கள் சென்ட்ஓஎஸ்ஸில் லிப்64 ஃபோல்டருக்குள் இருக்கும், உபுண்டுவில் லிப் ஃபோல்டருக்குள். நகல் எடுத்த கோப்பு பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. ஒரே வரியை மாற்றியதும் பெரும்பாலான கட்டங்கள் பச்சையாகிவிட்டன.

அதோடு அவன் விடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு சோதனைகள் இன்னும் சிவப்பாகவே இருந்தன. மேலதிகாரி, எல்லா அனுமதியும் உள்ள ரூட் கணக்கில் ஓட்டிப் பார்த்து, "எனக்கு வருதே!" என்றார். இவன் அதே கட்டளையை நாகியோஸ் என்ற பயனர் கணக்கில் ஓட்டிக் காட்டினான், வரவில்லை. அனுமதிச் சிக்கல். மென்பொருள் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்கில்தான் சோதிக்க வேண்டும் என்பது அனுபவமுள்ளவர்களுக்கே சில நேரம் தட்டுப்படாது. பதினெட்டு வயதுப் பையனுக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. அம்மா, இதை நீங்கள் 'கம்ப்யூட்டரை நோண்டுவது' என்று சொன்னீர்கள். ஒரு கோளாறை ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துக் காரணத்தைப் பிடிப்பது அவனுக்குக் கைவந்திருக்கிறது.

இந்தக் கைக்கு ஏற்ற படிப்பு உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், பெர்மாத்தாங் பாவ்வில் இருக்கிறது. செபராங் பிறை போலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா. நம் வீடுகளில் போலிடெக்னிக் என்றால் மார்க் கிடைக்காதவன் போகும் இடம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அது தவறு. கட்டணம் செமஸ்டருக்கு 200 வெள்ளிதான். கணிதம் உட்பட மூன்று கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்) கேட்கிறார்கள், தம்பியிடம் தாராளமாக இருக்கிறது. படிப்போடு ஒரு நிறுவனத்தில் தொழில் பயிற்சியும் உண்டு. டிகிரி வேண்டும் என்று பிறகு தோன்றினால், மலாக்கா யூ.டி.இ.எம். பல்கலைக்கழகத்தில் கணினி நெட்வொர்க்கிங்குக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது.

வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்டார். 1972-இல் இன்டெல் வந்த நாளிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். இரவு பகலாக ஓடும் தொழிற்சாலையில் நெட்வொர்க் நின்றால் உற்பத்தி நிற்கும், அதைக் கண்காணிக்க ஆள் வேண்டும். ஆனால் இந்த வேலையில் இரவு ஷிப்ட் உண்டு. தீபாவளி அன்றும் அழைப்பு வரலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் அவன் போக வேண்டும், அவனிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

அரசாங்க உயர்கல்வி இடங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் இந்த டிப்ளோமாவை முதல் தேர்வாக அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஏஜெண்டுக்கு முன்பணம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் மெமரியைக் கூட்டிக் கொடுத்தால், ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு மூன்று லினக்ஸ் போட்டுப் பழகிக்கொள்வான். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ. சான்றிதழ்த் தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே கிடையாது, ஓடும் கணினியில் வேலை செய்து காட்ட வேண்டும். அதற்கு இவன் பொருத்தமானவன். டிப்ளோமா முடித்து வேலைக்குப் போன பிறகு, அந்தத் தேர்வுக் கட்டணத்தை அவன் சம்பளத்திலிருந்தே கட்டட்டும்.