மீட்டர் புதுசு, ரீடிங் மட்டும் ஏன் ஆடுது?

கடலூர் சிப்காட்டில் 4 அங்குல பிவிசி கழிவுநீர் பைப்பில் புதிதாக மாட்டிய மேக்னெடிக் ஃப்ளோமீட்டர் (நீரோட்டத்தைக் காந்தப்புலத்தால் அளக்கும் கருவி) நிலையாகக் காட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டரைத் திட்டுவதற்கு முன் பைப்பைப் பாருங்கள்.

இந்த மீட்டர் ஃபாரடே விதியில் இயங்குவது. காந்தப்புலத்தைக் கடந்து ஓடும் நீரில், வேகத்துக்கேற்ப மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். எதிரெதிரே உள்ள இரண்டு எலக்ட்ரோடுகள் அதை எடுக்கும். பைப் பாதிதான் நிரம்பி ஓடுகிறதென்றால் கணக்கு போச்சு. முழுசா ஓடுது என்றே சாதாரண மீட்டர் நம்பும். நீர் மேலேறும் செங்குத்துப் பைப்பில் மாட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. படுக்கைப் பைப்தான் என்றால் எலக்ட்ரோடுகள் பக்கவாட்டில் இருக்கட்டும். உச்சியில் வைத்தால் காற்றுக் குமிழி, அடியில் வைத்தால் சேறு.

எல்போவை, அதாவது பைப் வளைவை, ஒட்டி மாட்டாதீர்கள். மீட்டருக்கு முன்னால் விட்டத்தைப் போல 5 மடங்காவது, உங்களுக்கு அரை மீட்டர், நேர்ப் பைப் வேண்டும்.

அடுத்து எர்த்திங். பிவிசி மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் நீரைத் தொட்டு எர்த்தோடு இணைக்கும் உலோக எர்த்திங் ரிங் பெரும்பாலும் வேண்டும். ஒரு தொழிற்சாலையில் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் உப்புக்காற்றில் துருப்பிடித்த எர்த் போல்ட்! சுரண்டி இறுக்கியதும் ரீடிங் அடங்கிவிட்டது.

பாய்லருக்குப் போகும் டிஎம் வாட்டரில் (உப்புகள் நீக்கிய நீரில்) மட்டும் இதை மாட்டிவிடாதீர்கள், அதில் மின்கடத்தும் திறன் போதாது.